மார்ட்டி கெக்லர் சொல்லாத சாண்ட்விச்

மார்ட்டி கெக்லர் இருபத்திரண்டு வருஷம் பத்திரிகைக்காரராக இருந்தார். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வரிகூட எழுதியதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கிளீவ்லண்டில் எழுதத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். நானும் அதில் ஒருவன். மார்ட்டி மாதிரி பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் பேர் வாங்குவதெல்லாம் எழுதுகிற கூட்டம்தான், அதனால் இதையும் நானே எழுத வேண்டியிருக்கிறது.

எங்களுடையது 'லான்டர்ன்' என்ற மாலைப் பத்திரிகை. அங்கே வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. மார்ட்டி போன்றவர்கள் விடிந்ததும் ஊருக்குள் இறங்கிவிடுவார்கள். போலீஸ் நிலையம், ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், துறைமுகம் என்று சுற்றுவார்கள். எதையாவது பார்த்தால் பக்கத்து மருந்துக்கடைக்குள் நுழைந்து, டெலிபோனில் ஒரு நிக்கல் காசைப் போட்டு, பார்த்ததைச் சொல்வார்கள். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர் ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருப்போம். அவர்கள் சொல்வதைச் செய்தியாக்குவது எங்கள் பிழைப்பு. அவர்களுக்கு ஆபீஸில் 'கால்' என்று பெயர். கால் எழுதாது. நாங்கள் வெளியே போக மாட்டோம். ஒரு நாளைக்கு மூன்று பதிப்பு. யாரும் யார் முகத்தையும் பார்க்க நேரம் கிடையாது. என் பெயர் ஏசா ஹோல்கம். மார்ட்டியோடு நாள் ஒன்றுக்கு இருபது தடவை பேசியிருக்கிறேன். முதல் நாலு வருஷத்தில் அவரை நேரில் பார்த்தது இரண்டே தடவை.

மார்ட்டி பத்திரிகைக்கு வந்த கதை வேடிக்கையானது. அப்பா ஜெர்மனியிலிருந்து வந்த சேணம் தைப்பவர். மார்ட்டி பதினாறு வயதில் ஐஸ் வண்டியில் ஏறினார். பதினாலு வருஷம் தோளில் சாக்கைப் போட்டு, அதன்மேல் ஐஸ் கட்டியைச் சுமந்து, வீடு வீடாகக் கொல்லைப்புறப் படியேறினார். எத்தனை ராத்தல் வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருப்பார்கள். இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு. அந்த அட்டையைப் பார்த்தே யார் வீட்டில் விருந்து, யார் வீட்டில் பிள்ளைப்பேறு, யார் வீட்டில் கையில் காசில்லை என்று சொல்லிவிடுவார்.

1899 ஜூலையில், ஊரே வெந்துகொண்டிருந்த ஒரு வாரம், பெரிய பங்களா ஒன்றின் ஜன்னலில் அட்டையே இல்லை. அது ஒரு வங்கித் தலைவரின் வீடு. எப்போதும் நூறு ராத்தல் வாங்குகிற வீடு. சமையல்காரி கதவைக் கொஞ்சமாகத் திறந்து, இனிமேல் ஐஸ் வேண்டாம் என்றாளாம். மார்ட்டி வண்டியை ஓரங்கட்டிவிட்டு மருந்துக்கடைக்குப் போய் லான்டர்னுக்கு ஃபோன் போட்டார். இந்த வெயிலில் ஐஸ் வேண்டாம் என்கிற பணக்காரன் ஊரை விட்டுப் போகிறவனாகத்தான் இருப்பான் என்றார். சிரித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஆளை அனுப்பினார்கள். இரண்டு நாளில் வங்கி படுத்தது. ரயில் நிலையத்தில் தலைவரையும் மூன்று பெட்டிகளையும் பார்த்து எழுதிய பத்திரிகை நாங்கள் மட்டும்தான். அடுத்த வாரமே மார்ட்டியை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். முதுகும் அதற்குள் நொந்துபோயிருந்தது, அவரும் சரி என்றார்.

வேலை மாறினாலும் பழக்கம் மாறவில்லை. எந்த வீட்டுக்கும் கொல்லைப்புறமாகத்தான் போவார். முன்வாசலில் மற்றப் பத்திரிகைக்காரர்கள் மணியடித்துக்கொண்டு நிற்பார்கள். இவர் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருப்பார். குறிப்பேடு வைத்துக்கொள்ள மாட்டார். நோட்டைப் பார்த்தால் ஜனங்களுக்கு வாய் கட்டிக்கொள்ளும் என்பார். எல்லாம் தலைக்குள் இருக்கும். தீப்பிடித்த கட்டிடத்துக்கு எத்தனை ஜன்னல், எத்தனை கண்ணாடி உடைந்தது, எந்தப் பக்கம் காற்று என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எங்கள் இருவருக்கும் ஃபோனில் வா போ என்ற பேச்சுதான், வயதில் அவர் பதினைந்து வருஷம் மூத்தவராக இருந்தும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மார்ட்டி பத்திரிகை படிக்க மாட்டார். தான் சொன்னதுதானே அதில் இருக்கும், தெரிந்ததையே காசு கொடுத்துப் படிப்பானேன் என்பார். அவர் மனைவி லீனா அதை அடுப்பு பற்றவைக்க வைத்திருப்பார். மார்ட்டி 1921-ல் நிமோனியாவில் போனார். சாவுக்கு மேயர் வரவில்லை. ஆனால் நாற்பது ஐம்பது சமையல்காரிகள் வந்து, தேவாலயத்தின் பின்கதவு வழியாக நுழைந்து, பின் வரிசைகளை நிரப்பிவிட்டார்கள். நான் பார்த்த சாவுகளிலேயே அதுதான் கௌரவமான சாவு.

இப்போது என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மார்ட்டி கொடுப்பது வெறும் எலும்பு. அதற்குச் சதை போடுவது நான். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மிளகு. எல்லா ஆபீஸிலும் எல்லாரும் செய்வதுதான். செய்யாதவனை மந்தன் என்பார்கள். போலீஸ்காரர் குழந்தையைத் தூக்கி வந்தார் என்று மார்ட்டி சொன்னால், அவர் மீசையில் ஒரு சொட்டுக் கண்ணீரை நான் வைப்பேன். ஒரு தடவை தீ விபத்தில் ஒரு பூனைக்குட்டியை இட்டுக்கட்டிக் காப்பாற்றினேன். அந்தப் பூனையை நான் வளர்க்கிறேன் என்று எழுபது கடிதம் வந்தது. செய்தி ஆசிரியர் ஸ்ட்ரிக்லண்ட் சத்தம் போடாமல் ஆளை அனுப்பி, சந்தையிலிருந்து ஒரு பூனையைப் பிடித்து வரச்செய்து, படமெடுத்துப் போட்டார். நாங்கள் அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்றுதான் நினைத்தோம்.

1912 மே மாதம், ஒரு மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு மார்ட்டி கூப்பிட்டார். கயஹோகா ஆற்றில் ஸ்டோன் தெருப் பாலம். கப்பல் வந்தால் பக்கவாட்டில் திரும்பி வழி விடுகிற பாலம். இரும்புத்தாதுக் கப்பல் ஒன்று வர, பாலக்காரர் பாலத்தைத் திருப்பியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து இரட்டைக் குதிரை பூட்டிய பீர் வண்டி ஒன்று வேகமாக வந்து, திறந்த இடத்தில் ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. வண்டிக்காரன் ரீகர் நீந்திக் கரையேறிவிட்டான். ஒரு குதிரை செத்தது. பதினேழு பீப்பாய்கள் ஏரியை நோக்கி மிதந்து போகின்றன, பையன்கள் படகில் துரத்துகிறார்கள். தெருவை மறிக்கும் கட்டையை இறக்கிவிட்டுத்தான் பாலத்தைத் திருப்பியதாகப் பாலக்காரர் சொல்கிறார்; கட்டையே இல்லை என்று வண்டிக்காரன் சொல்கிறான். கட்டை உடைந்து ஆற்றோடு போய்விட்டது. பாலக்காரர் பெயர் அன்டோன் ஹ்ருஷ்கா, வயது அறுபத்தொன்று, அந்தப் பாலத்தில் இருபத்தாறு வருஷம். மார்ட்டி சொன்னது அவ்வளவுதான்.

அச்சுக்குப் போக ஒன்பது நிமிஷம் இருந்தது. பீப்பாய்கள் நன்றாக வந்திருந்தன. பாலக்காரர்தான் சப்பென்று நின்றார். மத்தியான நேரம், மனுஷன் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். 'பாதி கடித்த சாண்ட்விச் கையில் இருக்க, கிழவர் ஹ்ருஷ்கா தன் அறையிலிருந்து ஓடி வந்தார்' என்று போட்டேன். ஆளுக்கு உயிர் வந்துவிட்டது. அவரை எல்லாருக்கும் பிடிக்கப்போகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இதுதான் நான் செய்தது.

பீர் ஆலைக்காரர்கள் குதிரைக்கும் பீப்பாய்க்கும் நகர சபைமேல் வழக்குப் போடுவதாக மிரட்டினார்கள். ஆலையின் பெயர் வேண்டாம்; மதுவிலக்கு அதை எப்போதோ தின்றுவிட்டது. நகர சபை ஹ்ருஷ்காவை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை வைத்தது. கட்டை இறங்கியிருந்ததைப் பார்த்த ஒரே ஆள் கப்பல் கேப்டன். அவர் தாது ஏற்றிக்கொண்டு வடக்கே எங்கோ பெரிய ஏரியில் இருந்தார். குற்றம் ஹ்ருஷ்கா மேல் என்று முடிவானால் வேலை போச்சு. அறுபத்தொரு வயதில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு செக் இனக் கிழவருக்கு இந்த ஊரில் யார் வேறு வேலை கொடுப்பார்கள்?

இது எதுவும் எனக்குத் தெரியாது. நான்தான் வெளியே போகாதவனாயிற்றே.

ஜூன் கடைசியில் ஒரு நாள், கடைசிப் பதிப்பு போன பிறகு, என் மேஜை முன்னால் ஒருவர் வந்து நின்றார். அகலமான ஆள், ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. தபால் கொண்டுவந்தவர் என்று நினைத்து, அந்தப் பக்கம் வையுங்கள் என்றேன்.

"சாண்ட்விச் யார் குடுத்தது?" என்றார்.

குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். மார்ட்டி மாடிப்படி ஏறி வந்திருக்கிறார் என்றால் ஏதோ நடந்திருக்கிறது. எந்த சாண்ட்விச் என்று கேட்டேன். உண்மையாகவே மறந்துபோயிருந்தது. அதற்குள் நானூறு செய்தி எழுதியிருப்பேன்.

"பாலக்காரர் கையில இருந்த சாண்ட்விச். நான் சொன்னதுல சாண்ட்விச் கிடையாதே."

சும்மா ஒரு அழகுக்காகப் போட்டேன் என்றேன். எல்லாரும் செய்வதுதானே என்றேன். மார்ட்டி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படவில்லை. ஃபோனில் தீ விபத்தைச் சொல்வாரே, அதே மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்று காலை விசாரணையில் ஆலையின் வக்கீல் எங்கள் பத்திரிகையை விரித்துப் படித்தார். அறையிலிருந்து ஓடி வந்தார் என்று இருக்கிறது. அப்படியானால் கட்டையை இறக்க ஆள் வெளியே இல்லை, உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார் என்று வாதாடினார். பிறகு வண்டிக்காரன் ரீகரைச் சாட்சி சொல்ல ஏற்றினார்.

"அவன் பைபிள் மேல கைய வெச்சு சாண்ட்விச்ச கண்ணால பாத்தேங்கிறான். பன்னிக்கறி ஹாம் வெச்ச சாண்ட்விச்சாம். நீ என்னப்பா வெச்சே உள்ள?"

"ஒண்ணும் வெக்கலை மார்ட்டி. வெறும் சாண்ட்விச்னுதான் எழுதினேன்."

"அப்ப ஹாம் அவனோடது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீயே எழுந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொன்னாராம். நான் அப்படிச் சொல்லவில்லை என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். எழுதியது யார் என்று வக்கீல் கேட்டாராம். நான் எழுதுவதில்லை என்றாராம். அப்படியானால் எழுதியவர் வரட்டும் என்று வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாராம். வர மாட்டான் என்று அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊரில் எந்தப் பத்திரிகையும் தான் எழுதியது பொய் என்று சொன்னதில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடி கூடுது. நீ வந்து சொல்லிடு," என்றார் மார்ட்டி.

ஸ்ட்ரிக்லண்ட் கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து எல்லாம் கேட்டிருக்கிறார். வெளியே வந்தார். ஒல்லி மனிதர், வாயில் எப்போதும் பற்றவைக்காத சுருட்டு. "யோவ், ஒருத்தனுக்கு இன்னிக்குத் தப்புன்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு ஊரே மாடிப்படியில வரிசை கட்டி நிக்கும். யாரும் எங்கயும் போகலை," என்றார். அந்தப் பூனைக்குட்டியை மார்ட்டிக்கு நினைவுபடுத்தினார். மார்ட்டிக்கு அந்தப் பூனைக்குட்டியைப் பற்றியும் தெரியாது. அப்போதுதான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தான் பதிமூன்று வருஷமாகச் சொல்லிவந்ததற்கும் லீனாவின் அடுப்பில் எரிந்துகொண்டிருந்த பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்திருப்பார். தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் போவதாக இல்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ராத்திரி முழுக்க எனக்கு நானே வக்கீலாக இருந்து என்னை விடுதலை செய்துகொண்டேன். ஹ்ருஷ்கா உண்மையாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கலாம். நான் போனாலும் ஒன்றும் மாறாமல் போகலாம். எனக்கும் வீட்டு வாடகை உண்டு. காலையில் வழக்கம்போல ஏழரைக்கு மேஜைக்கு வந்துவிட்டேன்.

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஃபோன் அடித்தது.

"எழுதிக்க," என்றார் மார்ட்டி. "நகர மன்றத்துலேர்ந்து. பாலக்காரர் ஹ்ருஷ்கா மேல உள்ள விசாரணை இன்னிக்குக் காலைல மறுபடி கூடுச்சு. முப்பத்திரண்டு பேர் வந்திருந்தாங்க. ஜன்னல் நாலும் திறந்திருந்துச்சு."

என் விரல்கள் தாமாக ஓடின. பழக்கம் அப்படி.

"பத்து இருபதுக்கு, லான்டர்ன் பத்திரிகையில வேலை பாக்குற ஏசா ஹோல்கம்ங்கிறவர் எந்திரிச்சார். சாண்ட்விச்ச யாரும் பாக்கலை, அது நானா இட்டுக்கட்டி எழுதினதுன்னு சொன்னார்."

'சொன்னார்' என்று அடித்து முற்றுப்புள்ளியும் வைத்த பிறகுதான் என்ன அடித்திருக்கிறேன் என்று புரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மார்ட்டி, இன்னும் பத்தே ஆகலையே."

"ஆகலைதான். நடக்காத ஒண்ண நான் இந்த ஃபோன்ல ஒரு நாளும் சொன்னதில்ல. இதுவும் அப்படி இல்ல. வெச்சிடறேன், பின்னால ஆள் நிக்குது."

ஃபோன் துண்டித்துவிட்டது. என் எதிரில் தாள் இருந்தது. நல்ல செய்தி, மார்ட்டியின் செய்தி, எண்ணிக்கை எல்லாம் சரியாக இருக்கும். ஜன்னல் நாலும் திறந்துதான் இருக்கும். அந்தத் தாளில் நடக்குமா என்று தெரியாதது ஒன்றே ஒன்றுதான், அதை நடத்த வேண்டியவன் நான். நான் உட்கார்ந்தே இருந்தால் மார்ட்டி கெக்லர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். அவர் அதைப் பந்தயமாகக்கூட வைக்கவில்லை. வருவான் என்று நிச்சயமாக நினைத்து, சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை என் அம்மாவுக்குக்கூட இருந்ததில்லை.

தாளை உருவி ஸ்ட்ரிக்லண்டின் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டுச் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"இது எப்ப நடந்துச்சு?"

"பத்து இருபதுக்கு."

"நீ அந்தப் படியத் தாண்டினா திரும்பி வராத, ஹோல்கம்."

தொப்பியைத் தேட நேரமாயிற்று. பகலில் அது தேவைப்பட்டதே இல்லை. டிராமுக்குக் காத்திருக்காமல் ஓடினேன். நாலு வருஷம் உட்கார்ந்தே இருந்தவன் ஓடினால் எப்படி இருக்கும்? நகர மன்றப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் மனசு லேசாக இருந்தது. மேலே போய்க் கதவைத் திறந்தபோது கடிகாரத்தில் பத்து பதினெட்டு. மார்ட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் தொப்பியை வைத்து ஒரு இடம் பிடித்து வைத்திருந்தார். ஜன்னல்களை எண்ணினேன். நாலும் திறந்திருந்தன.

ஆணையர், அதாவது ஊர்ப் பாலங்களுக்கெல்லாம் பொறுப்பான கிழவர், என்னை முன்னால் கூப்பிட்டார். சொன்னேன். எந்த மேஜையில் உட்கார்ந்து எழுதினேன், அச்சுக்கு எத்தனை நிமிஷம் இருந்தது, ஏன் சாண்ட்விச் என்று தோன்றியது, எல்லாவற்றையும் சொன்னேன். அறையிலிருந்து ஓடி வந்தார் என்பதும் என் கற்பனைதான் என்றேன். வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் தொழில்காரர், எழுந்தார்.

"சம்பளம் வாங்கிக்கிட்டுப் பொய் எழுதறது உமக்குப் பழக்கமோ?"

"பழக்கந்தாங்க. ஆனா என் பொய்ய இவ்வளவு நல்லா யாரும் பாத்ததில்ல. உங்க ஆளு அதுக்குள்ள ஹாம் இருந்ததுவரைக்கும் பாத்திருக்காரு."

முப்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். ஆணையர் சிரிக்கவில்லை. ரீகரைப் பார்த்து, இப்போது மறுபடி சொல், நீ என்ன பார்த்தாய் என்றார். ரீகர் கெட்டவன் இல்லை. வேலை போய்விடுமோ என்று பயந்தவன், அவ்வளவுதான். வக்கீலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். கடைசியில், நான் யாரையும் பார்க்கவில்லை, குதிரை மிரண்டதில் கட்டை இருந்ததா இல்லையா என்றும் தெரியவில்லை என்றான். அரை மணி நேரத்தில் முடிந்தது. திங்கட்கிழமை முதல் ஹ்ருஷ்கா பாலத்துக்குத் திரும்பலாம் என்று ஆணையர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மற்றப் பத்திரிகைகளின் கால்கள் ஃபோனுக்கு முண்டியடித்தார்கள். மார்ட்டி முதலில் பிடித்துவிட்டார். அந்தப் பக்கம் எடுத்தது ஸ்ட்ரிக்லண்ட். அவர் கத்தியது எனக்கே கேட்டது. மார்ட்டி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"எல்லாம் இருக்கு சார். ரீகர் முகம் எப்படி இருந்துச்சுங்கிறது வரைக்கும் இருக்கு. ஹோல்கம் வந்து அவன் நாற்காலில உக்காரட்டும், சொல்றேன். என் பின்னால நாலு பேப்பர்க்காரங்க நிக்கிறாங்க, சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

பிறகு, மத்தியானப் பதிப்புக்குள் அந்தக் கழுதையை வந்து சேரச்சொல் என்று ஸ்ட்ரிக்லண்ட் சொன்னார். பூனையை எப்படி விற்றாரோ அதேபோல இதையும் முதல் பக்கத்தில் விற்றார். ஊரிலேயே தன் பொய்யைத் தானே ஒத்துக்கொள்ளும் ஒரே பத்திரிகை என்று தலைப்பு வேறு. நல்லவேளை, அந்த மனிதருக்கு வெட்கம் என்பது கிடையாது.

நான்கு மணிக்கு வேலை முடிந்து இறங்கினால், வாசலில் மார்ட்டியும் ஹ்ருஷ்காவும் நிற்கிறார்கள். ஹ்ருஷ்கா உயரமான கிழவர், வெள்ளை மீசை, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, அதெல்லாம் எதற்கு என்று ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஐயா, ஆணையர்கிட்ட சொல்லிட்டீங்க. எங்க வீட்டுலயும் வந்து சொல்லணும்."

எனக்குப் புரியவில்லை. மார்ட்டி டிராம் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிராட்வேயில் இறங்கி இரண்டு தெரு நடந்தோம். மார்ட்டி கேட்காமலே கொல்லைப்புறமாகத் திரும்பினார். சமையலறையில் ஹ்ருஷ்காவின் மனைவி பார்போரா மாவு பிசைந்துகொண்டிருந்தார். சின்ன உருவம், முழங்கை வரை மாவு. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியில் ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தார். ஆறு வாரத்துக்கு முந்தைய என் செய்தி. மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்டியதாம்.

"இருபத்தாறு வருஷமா இவருக்கு நான் சூப்புதான் குடுத்தனுப்புறேன்," என்றார். செக்கும் இங்கிலீஷும் கலந்த பேச்சு. "ஒரு நாள் தவறினது இல்ல. சாண்ட்விச் குடுத்த பொம்பள யாருங்க? அத மட்டும் சொல்லிடுங்க."

ஹ்ருஷ்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இந்த மனுஷர் ஆறு வாரம் வேலையும் இல்லாமல், வீட்டுக்குள்ளும் தலைநிமிர முடியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"யாரும் இல்லம்மா. சாண்ட்விச்சே இல்ல. நானா எழுதினது."

"பேப்பர்ல போட்டிருக்கே."

"பேப்பர்ல போட்டதே நான்தாம்மா."

அந்தம்மா என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கடைசியில் கணவரைப் பார்த்தார். இவர் சத்தியம் பண்ணிச் சொன்னாரே, நான் நம்பவில்லையே, பேப்பரை நம்பினேனே என்று செக்கும் இங்கிலீஷுமாகச் சொல்லி மாவுக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார். ஹ்ருஷ்கா போய் பக்கத்தில் நின்றார். தோளில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். இப்போது என்னிடம் கோபமில்லை. விஷயம் தெரிந்தவரிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார்.

"அப்ப அன்னிக்கு இவர் நெசமா என்னதான் பண்ணிக்கிட்டிருந்தார், சொல்லுங்க."

எனக்குள் பதில் தயாராக இருந்தது, நாலைந்து இருந்தது. மணிக்கயிற்றைப் பிடித்த கை, காற்றில் பறக்கும் வெள்ளை மீசை, கப்பலையே பார்க்கும் கண்கள். அந்தம்மா சந்தோஷப்பட்டிருப்பார். கதவோரம் நின்றிருந்த மார்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "நான் அங்க இல்ல."